அவிட்டத்துக்கு வந்த பிரெஞ்சுப் பெயர்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று துடியலூரில் இருக்கும் என் சொந்தபந்தம் அத்தனை பேரும் நம்புகிறார்கள். பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவள் நான். ஆசைப்பட்டு அல்ல. தமிழில் மார்க்கைக் கிள்ளித்தான் கொடுப்பார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அள்ளித்தான் போட்டார்கள். ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. வாங்கிய மார்க்கை வீணாக்க மனம் வராமல், "எங்க புள்ளைக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். நானும் மறுக்கவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் பரீட்சை முடிந்த வாரமே மறந்துபோனது. மானம் மட்டும் இருபது வருடமாக மிச்சம் இருந்தது.

தம்பிக்குப் பெண் பிறந்தாள். அவிட்ட நட்சத்திரம், 'க'வில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் ஜோசியர். தம்பி மனைவிக்கு ஒரே நிபந்தனை: பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது. அவள் யோசித்த பெயரெல்லாம் அவர்கள் தெருவிலேயே இரண்டிரண்டு இருந்தன. தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நீங்கதான் பிரெஞ்சு படிச்சவங்களாச்சே. யாரும் வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க."

மூன்று நாள் ஆபீஸ் வேலையை ஓரம் கட்டிவிட்டு இணையத்தில் துழாவினேன். 'கரான்ஸ்' என்று ஒன்று அகப்பட்டது. பிரான்ஸிலேயே அதிகம் பேர் வைப்பதில்லையாம். ஒரு செடியின் பெயர், அதன் வேரில் சிவப்புச் சாயம் எடுப்பார்களாம், ஒரு காலத்தில் அந்த நாட்டுச் சிப்பாய்களின் கால்சட்டைக்கு அந்தச் சாயம்தானாம். கால்சட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தம்பியிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும் என்கிற தோரணையில்தான் சொன்னேன்.

பெயர் சூட்டும் நாள். காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தையாகிய நான். பட்டுப்புடவையும் மிதப்புமாக உட்கார்ந்திருந்தேன். தம்பியின் மாமனார் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மணி, பேருக்கு அர்த்தம் என்னங்க?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம மஞ்சிட்டி மாதிரிங்களா! செகப்பு வேருதான அதும்? காந்திபுரத்துல நாட்டு மருந்துக் கடையில பொட்டலம் கட்டித் தருவாங்களே!"

விசாரித்தால், மஞ்சிட்டியும் அதுவும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான். தம்பி மனைவியின் முகம் தொங்கிப்போனது. கடல் தாண்டிக் கொண்டுவந்த பெயர் மருந்துக் கடை டப்பாவில் கிடக்கிறதே என்று அவளுக்கு வருத்தம். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. தம்பி வேலை செய்யும் பம்ப் கம்பெனிக்குப் பிரான்ஸில் ஒரு அதிகாரி அம்மா உண்டு. வாழ்த்துச் சொல்ல அழைத்திருந்தார். "எங்க அக்கா பிரெஞ்சு பேசுவாங்க" என்று இந்தப் பாவி போனை என் கையில் திணித்துவிட்டான். அந்த அம்மா மடமடவென்று ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நினைவில் இருந்த ஒரே வாக்கியத்தை எடுத்து விட்டேன்.

"ஜெ வுத்ரே அன் கஃபே, சில் வூ ப்ளே."

எனக்கு ஒரு காபி வேண்டும், தயவுசெய்து. அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

அந்த அம்மா ஒரு நொடி விழித்தார். என் முகத்தையும் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, தலையாட்டி, நீளமாக ஏதோ பேசினார். அந்த நல்ல மனுஷிக்கு இன்றுவரை நான் நன்றிக்கடன் பட்டவள்.

"என்னங்க சொல்றாங்க?" என்றார் மாமனார்.

"அரண்மனையில வைக்கிற பேருன்னு சொல்றாங்க" என்றேன் கூசாமல்.

தம்பி மனைவி முகத்தில் வெளிச்சம் வந்தது. வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்துக்கொண்டு மூன்று முறை பெயரைச் சொன்னேன். அந்தப் பூனைக்குட்டிக் கண் என்னையே பார்த்தது. தாங்க முடியவில்லை. நான்காவதாக, "அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது கண்ணு" என்றும் சொல்லிவிட்டேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. வகுப்பில் அவள் பெயர் வேறு யாருக்கும் இல்லை. தாத்தா மட்டும் மஞ்சிட்டி என்றுதான் கூப்பிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், "பிரெஞ்சு பேசுங்க அத்தை" என்றாள். காபியைக் கேட்டேன்.

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க. வேற சொல்லுங்க."

வேறு எங்கே இருக்கிறது? அவள் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி, என் காதைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க அத்தை."