மல்லாந்த ஃப்ரிட்ஜ்களில் மண்

அவரை எல்லோரும் ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர் என்பது ஒரு காரணம். யார் எவ்வளவு கத்தினாலும் சூடாகாதவர் என்பது இன்னொன்று. பத்தொன்பது வருடம் ஒரே கூட்டாளியோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர். கூட்டாளி நான்கு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்பார், அவர் மனைவியை அண்ணி என்பார். குடியிருந்ததும் ஒரே கட்டடம்தான். கீழே ஐஸ்பெட்டி, மேலே அண்ணன் குடும்பம், அதற்கும் மேலே மொட்டை மாடி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் போய்விட்டார். கசிவு எங்கே என்று பார்க்கக் குழாயில் நைட்ரஜன் ஏற்றியபோது அழுத்தம் அளவு மீறிக் கம்ப்ரஸர் வெடித்தது. உதிரிபாகம் வாங்கப் போயிருந்த ஐஸ்பெட்டி திரும்பி வரும்போது வாசலில் கூட்டம் நின்றது. போலீஸார் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் அழுத்தம் காட்டும் கேஜில் முள் நகராமல் மாட்டிக்கொள்வதை முந்தின நாள் சாயங்காலமே அவர் பார்த்திருந்தார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துபோனார். அந்த முள் அன்றிலிருந்து அவர் தொண்டையில் நின்றது. பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை. மாடிப்படியில் அண்ணி இறங்கும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

கடையை மூடிவிட்டு ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். யாரும் கேட்டு வராத ஆறு ஃப்ரிட்ஜும் மூன்று வாஷிங் மெஷினும் கடையில் கிடந்தன. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. மொட்டை மாடியில் ஏற்றினார்.

"கடையை மூடினா மனுஷன் வீட்டுக்கு வருவார்னு பார்த்தேன்," என்றாள் மனைவி. "கடையே வீட்டுக்கு வந்துடுச்சு."

சும்மா கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அவற்றில் காய்கறி போடலாம் என்று தொடங்கினார். கம்ப்ரஸரைக் கழற்றி, கதவைப் பிரித்து, ஒவ்வொரு ஃப்ரிட்ஜையும் மல்லாக்கப் படுக்க வைத்தார். கீழ்ப்பக்கம் வரிசையாக ஓட்டை போட்டு, செங்கல் ஜல்லி பரப்பி, மேலே கிழிந்த சாக்கை விரித்து மண் நிரப்பினார். வாஷிங் மெஷின் டிரம்மில் ஏற்கெனவே ஓட்டை இருந்ததால் அப்படியே தக்காளிக்கு ஆயிற்று. ஃப்ரிட்ஜ்களின் உள்ளே இருந்த கம்பித் தட்டுகளைப் பழைய ஒயரால் பிணைத்து நிறுத்தினார், அவரைக்கொடி ஏற.

முதல் நடவு பதினைந்து நாளில் சுருண்டு செத்தது. கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து அள்ளிய மண்ணில் சிமென்ட் கலந்திருந்தது. அத்தனையையும் வாளி வாளியாகக் கீழே இறக்கிக் கொட்டினார். வேறு மண்ணும் பூங்காவில் கூட்டித் தள்ளிய சருகும் சுமந்து ஏற்றினார். இரண்டாவது முறை செடி பிடித்துக்கொண்டது.

பிடித்தபின் தண்ணீர் மிஞ்சிப்போய் மேல்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியது. அதைச் சொல்லத்தான் அண்ணி மாடிக்கு வந்தாள். வந்தவள் கடைசி ஃப்ரிட்ஜின் பக்கத்தில் குனிந்தாள். அதில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: 'காஸ் லீக். புதன் கொடுக்கணும்.'

"அவர் கையெழுத்து," என்றாள்.

ஐஸ்பெட்டியின் கையில் இருந்த குழாய் தரையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, அந்த கேஜ் பழுதுன்னு எனக்குத் தெரியும். முந்தின நாளே பார்த்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் தன் மனைவியிடமும் சொன்னார். "என்கிட்டகூட சொல்லலையே," என்று மட்டும் அவள் கேட்டாள்.

அடுத்த வாரம் ஃப்ரிட்ஜ்கள் எல்லாவற்றையும் செங்கல்மேல் தூக்கி வைத்து, அடியில் தகரம் போட்டு, வடிகிற தண்ணீர் குழாய்வழி போகும்படி செய்தார். மேல்வீட்டில் ஈரம் நின்றது. பழுத்த தக்காளியைக் கிண்ணத்தில் போட்டு மனைவி அண்ணி வீட்டு வாசலில் வைத்தாள். மறுநாளும் கிண்ணம் அங்கேயே இருந்தது. மூன்று முறை அப்படி ஆனது. பிறகு வைப்பதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணி மேலே வந்தாள். கையில் ஒரு பழைய கரண்டி.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க," என்றாள். "எனக்கு அது வரல. வருமான்னும் தெரியல. ஆனா அவர் எழுதின பெட்டி என்னோடது. அதுல நீங்க கை வைக்க வேணாம்."

"சரிங்க அண்ணி."

அதில் இருந்த கத்தரிச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கீரை விதைத்தாள். தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து தண்ணீர் ஊற்றுவாள். அவர் மறுகோடியில் அவரையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி இருவரும் வேலை பார்த்தார்கள். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

மழை விட்டபின் ஒருநாள் அவள் நிமிர்ந்து, ஒரு இலையைத் திருப்பிப் பிடித்தாள்.

"இதுல வெள்ளையா ஒட்டியிருக்கே, என்ன?"

"மாவுப்பூச்சிங்க அண்ணி. சோப்புத் தண்ணி தெளிச்சா போயிடும்."

"எவ்வளவு சோப்பு?"

"ஒரு வாளிக்கு ரெண்டு ஸ்பூன் போதும்."

அவள் தலையாட்டிவிட்டு வாளியை எடுக்கப் போனாள். ஐஸ்பெட்டி கையில் இருந்த ஒயரை இரண்டு முறை தவறாக முறுக்கினார். அவிழ்த்துவிட்டு, மறுபடி கட்ட உட்கார்ந்தார்.