சம்மண மூட்டைத் தேடித் தென்காசிக்கு

நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எனக்கு எந்த முழங்கால் மூட்டு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். மதுரையில் நான் காட்டும் ஆஸ்பத்திரியில் இரண்டு வகை சொன்னார்கள். இரண்டிலும் தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழே ஒரு தட்டு, நடுவில் பிளாஸ்டிக். இரண்டாவதில் தொப்பியின் பின்பக்க வளைவு கொஞ்சம் மாறுகிறதாம், விலையும் மாறுகிறது. "இது சம்மண மூட்டு மேடம். நூத்தம்பது டிகிரி மடங்கும்" என்றார் அங்கே நோட்டீஸ் கொடுக்கும் பையன். நான் தையல்காரி. முப்பது வருடமாகத் தரையில் துணி விரித்து, சம்மணம் போட்டு வெட்டுகிறவள். அந்த ஒரு வார்த்தைக்கே பாதி மயங்கிவிட்டேன்.

மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பயணம். தையல் வகுப்பில் என்னோடு படித்த கதீஜா தென்காசியில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு முழங்காலும் மாற்றியவள். போட்டுக்கொண்டவளைப் பார்க்காமல் நோட்டீஸைப் பார்த்து முடிவெடுப்பானேன்?

சனிக்கிழமை காலை 7.10க்கு மதுரையிலிருந்து செங்கோட்டை ரயில். 10.05க்குத் தென்காசி. முழங்கால் வலிக்காரர்கள் கவனிக்க: பெட்டியின் படி உயரம், கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்குங்கள். வெளியே ஆட்டோ 80 ரூபாய். ஓட்டுநர் மாரியப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். "ஆச்சி, மெதுவா கால வைங்க" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டுதான். அன்றைய முதல் கோபம் அங்கே.

கதீஜா வாசலில் நின்றாள். நன்றாக நடந்தாள், கைத்தடி இல்லை. எனக்கு மகிழ்ச்சிதான். உள்ளே போனால் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே தொழுகை விரிப்பு.

"நாற்காலி எதுக்குட்டி?"

"தொழத்தான். கீழ உக்கார முடியல."

நான் என் நோட்டீஸை எடுத்து நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய் ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்தாள். போட்ட மூட்டின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது. என் நோட்டீஸில் இருந்த அதே பெயர், அதே எழுத்து, அதே எண்.

"எனக்கு இத தொழுகை மூட்டுன்னு சொல்லிக் குடுத்தாவட்டி. நான் சுஜூது செய்ய முடியுமான்னு கேட்டேன். நல்லா மடங்கும்மான்னு சொன்னாவ."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நெற்றி தரையில் படுமா என்று கேட்டவளுக்கு முட்டி மடங்கும் என்று பதில். அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டது இவள் தப்பா? படுக்கப் போட்டு, வேறொருவர் பிடித்து மடக்கி, எத்தனை டிகிரி என்று ஃபைலில் எழுதி, 'முடிவு: மிக நன்று' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ஒருத்தியைப் படுக்க வைத்து அளவெடுத்து, ஜாக்கெட் பொருந்திவிட்டது என்று நான் அனுப்பினால் கடையில் கல்லெறிவார்கள்.

"தொழ முடியுதான்னு ஒருத்தராவது கேட்டாவளா?"

"ஒருத்தரும் கேக்கல. ஆனா வலி போயிருச்சு. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

பன்னிரண்டு மணிக்கு அதே மாரியப்பனைக் கூப்பிட்டு இருவரும் இலத்தூர் போனோம். எட்டு கிலோமீட்டர், காத்திருப்போடு 300 ரூபாய். ஆஸ்பத்திரியில் கதீஜாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த செல்லத்தாய் அங்கே இருக்கிறார். வயல் வேலை செய்தவர். போட்டது சாதா மூட்டு. நோட்டீஸைக் கண்டதும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

"இதத்தான் எனக்கும் காட்டுனாவ. களையெடுக்குத மூட்டுன்னாவ. எனக்கு எதுக்கு, நடந்தாப் போதும், சாதாவே போடுங்கன்னுட்டேன்."

எனக்குச் சம்மணம், கதீஜாவுக்குத் தொழுகை, இவருக்குக் களையெடுப்பு. ஆளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு எது இல்லாமல் உயிர் துடிக்குமோ அதையே தொட்டு விற்றிருக்கிறார்கள். நான் கத்தியதில் செல்லத்தாய் வீட்டு ஆடு எழுந்து நின்றது.

இருவரையும் கட்டிலில் உட்காரவைத்து மடக்கச் சொன்னேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. துணி அளந்து பழகிய கண் இது. இருவருமே தரையில் உட்காருவதில்லை. செல்லத்தாய்க்கு அதில் வருத்தமில்லை, ஏனென்றால் அவருக்கு யாரும் ஆசை காட்டி ஏமாற்றவில்லை. இரண்டு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கால் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்துத்தான் பின்னாலும் மடங்கும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் செல்லத்தாயிடம் சொன்னாராம். இந்த ஒரு வரி எந்த நோட்டீஸிலும் இல்லை.

மூன்றரைக்குக் குற்றாலம். சாரல் நன்றாக இருந்தது, மெயினருவியில் கூட்டம். பெண்கள் பக்கம் கம்பி இருக்கிறது, பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் கல் வழுக்கும். நாங்கள் ஓரத்திலேயே நின்று நனைந்தோம். எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் வந்து, "மூட்டு வலியா? ஒரு தேய்ப்புல சரியாயிரும்" என்றார். அவர் மேல் கோபமே வரவில்லை. டிகிரி சொல்லாமல் பொய் சொன்னார், அவ்வளவுதான்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், மெயினருவியில் நிற்க இடம் கிடைக்காது. பழைய குற்றாலத்தில் படிகள் அதிகம், எங்களைப் போன்றவர்கள் தவிர்க்கலாம். அறை எடுத்தால் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். மூட்டு போட்டவர்களைப் போய்ப் பாருங்கள், ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். டாக்டரிடம் 'மடங்குமா' என்று கேட்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் பெயரைச் சொல்லி, அதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வாங்குங்கள்.

ஐந்தரைக்கு மதுரை பஸ். அதற்கு முன் கதீஜாவை வீட்டில் விட்டேன். அவளுடைய ஃபைலை நான் படம் எடுக்கப்போகும்போது 'முடிவு: மிக நன்று' என்ற வரி மீண்டும் கண்ணில் பட்டது. பேனாவை அவள் கையில் கொடுத்தேன்.

"உன் காலு தானட்டி? முடிவ நீ எழுது."

ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்த டிக்குக்குக் கீழே, தையல் வகுப்பு நோட்டில் எழுதிய அதே குண்டு எழுத்தில் எழுதினாள்: 'வலி இல்லை. நெற்றி தரையில் பட்டு இரண்டு வருடம் ஆகிறது.'

நாளை காலை டாக்டர் மேஜையில் நான் முதலில் வைக்கப்போவது அவள் எழுதியதோடு சேர்த்து எடுத்த இந்தப் படத்தைத்தான். கையெழுத்து அதற்கு அப்புறம்.