கியர்பாக்ஸுக்கு முகப் பவுடர்

எங்கள் அண்ணிக்கு மூக்குதான் முதல் கருவி. வண்டிக்கு அடியில் சொட்டிக் கிடக்கும் எண்ணெயை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். இன்ஜின் ஆயிலா, பிரேக் ஆயிலா, கியர் ஆயிலா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கியர் ஆயிலுக்கு அழுகிய முட்டை போல ஒரு வாடை உண்டு. அது வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். சென்ட் கடையில் என் மனைவி காட்டும் முகத்தை அண்ணி குழிக்குள் நின்றுகொண்டு காட்டுவார்.

குழி என்றது எங்கள் ஷெட்டின் நடுவில் இருக்கும் சர்வீஸ் குழியை. பழைய கார்களுக்கு மட்டுமான ஷெட் அது. நாங்கள் மூன்று பேர். காருக்கு மேலே அண்ணன், பெயிண்டர். காருக்குக் கீழே அண்ணி, மெக்கானிக். நடுவில் நான், சீட் தைக்கிறவன். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

அண்ணியின் அப்பா லாரி கியர்பாக்ஸ் பிரிக்கிறவர். அங்கே ஒரு லாரிக்குப் பெயிண்ட் அடிக்கப் போன அண்ணன், வழியில் உட்கார்ந்து கியர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்சம் நகரச் சொன்னாராம். பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன், குறுக்கே பேசாதீர்கள் என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் அண்ணனுக்கு வேறு பெண் கண்ணில் படவில்லை. கல்யாணம் ஆகி வந்த அண்ணி எங்களிடம் கேட்டது ஒரே ஒரு குழி. நாங்கள் இரண்டு பேரும் தோண்டினோம். ஆழம் போதாது என்று மறுபடி தோண்ட வைத்தார்.

முதல் வருஷத்திலேயே பெரிய சண்டை. கதவில் பெயிண்ட் வழிந்திருக்கிறது என்று அண்ணி சொல்ல, உன் போல்ட் கிறீச்சிடுகிறது என்று அண்ணன் சொல்ல, வீட்டில் அடுப்பு எரிந்தும் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அவர் வேலையில் இவர் வாய் வைக்கக் கூடாது, இவர் வேலையில் அவர் கை வைக்கக் கூடாது. எல்லைத் தகராறு வந்தது ஒன்றே ஒன்றில்தான், துருப் பிடிக்காமல் இருக்கக் காரின் அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சில். இடம் கீழே, வேலை பெயிண்ட். பூச்சு எங்கே இருந்தாலும் பூச்சுதான் என்று அண்ணன் வாதாடி ஜெயித்தார். அன்றிலிருந்து அண்ணி அந்தக் கறுப்பை நகத்தால்கூடச் சுரண்டியதில்லை.

இனி பல் டாக்டரம்மாவின் கார். தானும் காரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள் என்று சொல்லிச் சிரிப்பவர் அவர். மகள் மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள், முதல் பிரசவம் நெருங்குகிறது. அந்தக் காரிலேயே மலை ஏறிப் போய் மகளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை. அதற்காகவே எங்களிடம் விட்டு, மேலும் அடியும் முழுசாகப் பெயிண்ட் அடித்து, சீட் தைத்து எடுத்துப் போனார். சீட் மிக அழகாக வந்திருந்தது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்வதில்லை.

சில நாளிலேயே கார் திரும்பி வந்தது. தூரமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் அடியில் எண்ணெய்க் குட்டை. அண்ணி தொட்டு முகர்ந்தார், கியர் ஆயில். கியர்பாக்ஸின் பின் வாயில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும், அதற்கு சீல் என்று பெயர். வயதான காரில் அது காய்ந்து போவது சகஜம். அண்ணி ஷாஃப்ட்டைக் கழற்றிப் புது சீல் போட்டு அனுப்பினார். மறுபடி ஒழுகியது. இந்த முறை ஷாஃப்ட்டில் கீறல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்து, இன்னும் உசத்தியான சீல் வாங்கிப் போட்டார். அதுவும் ஒழுகியது.

மூன்றாவது முறை டாக்டரம்மா வந்தபோது குரலில் பழைய சிரிப்பு இல்லை. மலைப்பாதையில் எண்ணெய் தீர்ந்து நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டார், நியாயமான கேள்வி. அண்ணி பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "கீழ் வேலை எல்லாம் அவளோடது டாக்டரம்மா. அதைப் பத்தி என்னைக் கேக்காதீங்க."

ஒப்பந்தப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் கட்டின மனைவியைக் கஸ்டமர் முன்னால் தனியாக நிறுத்திவிட்டு அவர் பாட்டுக்கு நகர்ந்து போனது எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது. அண்ணி முகம் சிவந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்ளும்படி டாக்டரம்மாவிடம் அமைதியாகச் சொன்னார். அவர் போனதும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவையும் ஒழுகுச்சுன்னா நான் இனிமே குழிக்குள்ள இறங்கல. மூடிடுங்க."

அண்ணி வெறும் பேச்சுப் பேசுகிறவர் அல்ல. குழி அவருக்குத் தொழில் மட்டும் அல்ல, அவர் கெட்டியாக நிற்கிற தரையே அதுதான். எனக்குப் பகீரென்றது.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நான் தபால்காரன் ஆனேன். சாப்பாடு ரெடி என்று அங்கே சொல்ல வேண்டும், பசிக்கவில்லை என்று இங்கே சொல்ல வேண்டும். அண்ணன் சில மாதமாகவே ஒரு மாதிரிதான் இருந்தார். டேப் எங்கே என்றால் தெரியல. பேப்பரில் என்ன செய்தி என்றால் தெரியல. இந்த நீலமும் அந்த நீலமும் ஒன்றா என்றால் அதுவும் தெரியல. வயசு ஏற ஏற மனுஷனுக்கு எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போகிறது என்று நான் வீட்டில் பொருமினேன்.

அண்ணி மறுநாள் காலையிலேயே கியர்பாக்ஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். காற்றடித்து உலர்த்தினார். பிறகு என் மனைவியிடம் முகப் பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கினார். எண்ணெய் பரவிவிட்டால் எங்கிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைப் பவுடர் தூவி வைத்தால் முதலில் ஈரமாகிற இடம் தானே காட்டிக்கொடுத்துவிடும். என் மனைவி எனக்காகக்கூட இத்தனை பவுடர் பூசிக்கொண்டதில்லை. வெள்ளை வெளேரென்று கியர்பாக்ஸ், கல்யாண வீட்டுக்குக் கிளம்பினதுபோல் இருந்தது.

நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டோம். பவுடர் அப்படியே இருந்தது. கடைத்தெரு வரை போய்வந்தோம், அப்போதும் சொட்டு ஈரம் இல்லை. அண்ணி திருப்தி அடையவில்லை. நெடுஞ்சாலைக்கு விடச் சொன்னார். வண்டி நன்றாகச் சூடேறும்வரை விரட்டிவிட்டுத் திரும்பினோம். குழிக்குள் இறங்கிப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். பின் சீலில் ஈரம். மீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ஈரம். மேலே கியர் லீவரின் அடியிலும் ஈரம்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரு ஓட்டைக்கு மூன்று ஓட்டை. அண்ணியோ புன்னகைத்தார், அந்த வாரத்தில் முதல் முறையாக.

"மூணும் ஒரே நேரத்துல கெட்டுப்போகாது தம்பி. வெளியில ஒண்ணும் கெடல. உள்ள இருந்து ஏதோ தள்ளுது."

கெட்டித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று சீறிக்கொண்டு வந்தது. கியர்பாக்ஸ் ஓட ஓட உள்ளே காற்று சூடாகி விரியும். அது வெளியேறக் கியர்பாக்ஸின் தோளில் சின்னத் தொப்பி போட்ட துளை ஒன்று வைத்திருப்பார்கள். அண்ணி அதற்கு மூச்சு என்று பேர் வைத்திருந்தார். மூச்சு அடைத்துக்கொண்டால் காற்று, வெயிட் அடைபட்ட குக்கர் மாதிரி, கிடைத்த சந்து வழியாக எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

டார்ச்சை மேலே திருப்பினார். மூச்சின் தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மேடு இருந்தது. கெட்டியாக, வழவழவென்று, அழகான பூச்சு. அண்ணன் கைப் பூச்சு.

எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. ஒழுகல் ஆரம்பித்ததே பெயிண்ட் அடித்த பிறகுதான். அண்ணி இரண்டு முறை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கை வைத்து வேலை பார்த்திருக்கிறார். கறுப்பு அவர் எல்லை இல்லை என்பதால் அதன்மேல் சந்தேகப்படவே இல்லை. மெக்கானிக் வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே சுரண்டிப் பார்த்திருப்பான். இப்போது வசமாக மாட்டினார் அண்ணன் என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருப்பார். அண்ணனைக் குழிக்கு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

அண்ணன் படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கினார். அண்ணி டார்ச்சை அந்த மேட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"பாத்தீங்களா?"

அண்ணன் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "தெரியல."

"உங்க பூச்சு உங்களுக்கே தெரியலையா? நான் சீல் சீலா மாத்தி அவமானப்பட்டுக்கிட்டு இருக்கேன். எதைக் கேட்டாலும் தெரியல, தெரியல. அப்படின்னா என்னதான் அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியல." அண்ணன் குரல் கம்மியது. "கண்ணு தெரியலம்மா. எல்லாம் புகை மூட்டமா இருக்கு."

டேப் தெரியல. பேப்பர் தெரியல. நீலம் தெரியல. அத்தனை மாதம் அவர் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத்தான் அந்த ஒரு சொல் வேறு மாதிரி காதில் விழுந்திருக்கிறது. பெரிய கதவையும் பானெட்டையும் கைப் பழக்கத்தில் அடித்துவிடுகிறார். அடிப்பதற்கு முன்னால் சின்னத் துளைகளை டேப் ஒட்டி மூட வேண்டும், அதற்குக் கண் வேண்டும். டாக்டரம்மா முன்னால் அவர் நகர்ந்து போனதும் எனக்கு இப்போது புரிந்தது. சண்டைக்கு வந்தவர் இல்லை அவர், குனிந்து பார்க்கச் சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து ஓடியவர்.

ஏன் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். சொன்னால் ஸ்ப்ரே கன்னைப் பிடுங்கி மூலையில் உட்கார வைத்துவிடுவீர்கள் என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

அண்ணி டார்ச்சை அணைத்தார். அண்ணன் விரலைப் பிடித்து அந்த மேட்டின்மேல் வைத்தார். இன்னொரு கையில் மெல்லிய கம்பியைக் கொடுத்தார். அண்ணன் தடவித் தடவி ஓரம் கண்டுபிடித்து, பூச்சை உரித்து, தொப்பியைத் திருகி எடுத்து, கம்பியால் துளையைக் குடைந்தார். அண்ணி அதில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று தடங்கல் இல்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை பழையபடி பவுடர் பூசினோம். அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டாக்டரம்மாவே மலையடிவாரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். குழியில் இறங்கிப் பார்த்தேன். பவுடர் மூன்று இடத்திலும் உலர்ந்து வெள்ளையாக இருந்தது. அண்ணி ஒரு சுண்டு விரலால் சீலைத் தொட்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல், கையைத் துடைத்துக்கொண்டார்.

என்னதான் கோளாறு என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த முறையும் அண்ணன்தான் முந்திக்கொண்டார்.

"நான்தான் அடைச்சேன் டாக்டரம்மா. கண்ணுல புரை விழுந்திருக்கு போல. அவ வேலை முதல்ல இருந்தே சரியாத்தான் இருந்துது."

டாக்டரம்மா கிட்டே வந்து வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தார். தான் பல்லுக்குத்தான் டாக்டர் என்றாலும் இது ஆபரேஷனில் சரியாகிவிடும் என்றும், தெரிந்த கண் டாக்டரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அதுவரை பெயிண்ட் வேலையை நிறுத்திவைப்பீர்களா என்று கேட்டார். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார் அண்ணி. "நாளைக்கு ஒரு வண்டி வருது. ஓட்டை எல்லாம் நான் மூடித் தரேன். அவர் அடிப்பார்."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டேப்பை நேராக ஒட்டுவாளா என்று அவளைக் கேட்கச் சொல்லி என்னிடம் சொன்னார்.

"இனிமே என்கிட்டயே கேளுங்க" என்றார் அண்ணி.