சிவப்புத் துணி கட்டிய நாவல்

காலை ஆறு இருபதுக்கு வேம்புலியிடமிருந்து போன் வந்தது. ஏரிக்கரைப் பூங்காவின் காவலாளி அவர். "சார், அக்கா நாவமரத்தாண்ட உக்காந்தமேனிக்கு கீறாங்க. கூப்ட்டா பேச மாட்றாங்க. நீ வா சார்." நான் பால்கனியில் தகரத் துண்டுகளின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பூங்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அன்று ஓடினேன். என் மனைவி ராஜகுமாரி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

பாடியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்க்கும் வேலை செய்தவள். எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். போகவேயில்லை. அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்த பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். தினமும் காலையில் பூங்காவில் நடக்கும்போது, ஏரித் தண்ணீரில் முக்குளிப்பான் பறவை ஒன்று மூழ்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். ஒருநாள் நானே கொடைக்கானல் பேச்சை எடுத்தபோது, "பஸ்ல எட்டு மணி நேரம் குலுங்கிப் போய் பார்க்கிறதும் மரம்தானே" என்றாள்.

போன வருடக் கோடையில் கரைமேட்டு மரங்கள் காய ஆரம்பித்தன. நடக்க வருகிற எல்லோரும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்தாள். எந்த மரத்துக்கு ஊற்றுவது என்று தெரிவதற்காக, பழைய புடவையைக் கிழித்துப் பதினோரு மரங்களில் சிவப்புத் துணி கட்டினாள். புது இலை வந்ததும் அவிழ்த்துவிடலாம் என்பது திட்டம்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்போன மரங்களை எடுக்க ஆட்கள் வந்தார்கள். சிவப்பு அடையாளம் போட்டதை வெட்டு என்று மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் போவதற்குள் இரண்டு பூவரசு கீழே கிடந்தன. அவளுக்கு மிகவும் பிடித்த நாவல் மரத்தடியில் ரம்பத்தோடு துலுக்கானம் நின்றிருந்தார். அந்த ஆட்களுக்கு மேஸ்திரி. அந்த நாவலில் அப்போது ஓர் இலைகூட இல்லை.

ராஜகுமாரி போய் மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"தள்ளிக்கோக்கா. செவப்பு துணி கட்டிகீது பாரு."

"கட்டினதே நான்தான். தண்ணி ஊத்தறதுக்குக் கட்டினேன்."

"தண்ணி ஊத்த யாராச்சும் செவப்பு கட்டுவாங்களா? பச்ச கெடைக்கலியா உனக்கு?"

"எங்க கம்பெனியில சிவப்புன்னா கை வைக்காதே, மறுபடி பார்க்கணும்னு அர்த்தம்."

துலுக்கானம் ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எங்க கம்பெனில செவப்புன்னா வெட்டு" என்றார்.

அவள் நகரவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் மேலாளருக்குப் போன் போட்டார். பதில் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை எல்லோரும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் எடுத்துப் போன இட்லியை அந்த ஆட்களோடு பகிர்ந்து சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடி காரம் போதவில்லை என்று துலுக்கானம் குறை சொன்னார். விட்டுவிடலாம் என்று உத்தரவு வந்ததும், மீதி மரங்களின் துணியை அவரே போய் அவிழ்த்துக் கொடுத்தார்.

ஆடி முடிவதற்குள் நாவல் துளிர்த்தது. முதல் துளிரை அவள் எனக்குக் காட்டுவதற்கு முன்பே வேம்புலியிடம் காட்டிவிட்டாள்.

ஆனாலும் அந்த இரண்டு பூவரசுகளை அவள் மறக்கவில்லை. தன் அடையாளத்தால்தான் போயின என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவை இருந்த இடத்தில் பூவரசங்கிளையை வெட்டி இரண்டு போத்து நட்டாள். இனி யாரும் தவறாகப் படிக்க முடியாதபடி, கரைமேட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை மாட்டுவது என்று முடிவெடுத்தாள். தகரத்தை வெட்டி ஓரம் தேய்ப்பது என் வேலை. என் கையெழுத்து கோணல் என்பதால் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவது அவள். பட்டையை அழுத்தாமலிருக்க ஸ்பிரிங் கம்பியில் தொங்கவிட்டோம். புங்கன், வேம்பு, நீர்மருது, பூவரசு. நாவலைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அவளுக்குச் செய்ய வேண்டிய காரியமெல்லாம் முடிந்து, அவள் எழுதிக் காய்ந்திருந்த பலகைகளை எடுத்துப்போய் மாட்டினேன். வேம்புலி ஏணியைப் பிடித்துக்கொண்டார். துலுக்கானம் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து, நாவலுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். முக்குளிப்பான் மூழ்கியது. நான் சொன்ன இடத்திலேயே எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

நாவலுக்கான தகரம் இன்னும் பால்கனியில் இருக்கிறது. அதில் 'நா' மட்டும் எழுதியிருக்கிறது.