திரும்பலாமா?

அன்றைக்கு ராத்திரி பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்: என் அக்கா. அவள் புருஷன், அதாவது என் அத்தான். அவர்களுடைய ஆறு வயது மகள், நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். கடைசியாக நான், நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்காவிடம் வந்து ஒட்டிக்கொண்டவன்.

அவ்வளவு பேர்தான். இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. அக்காவைக் கேட்டால் அவளும் இதையேதான் சொல்வாள். அத்தானை மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு மறுநாள் ராத்திரியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

அத்தான் லாரி மெக்கானிக். வாடகை கட்டிக் கட்டி வெறுத்துப்போய், வீட்டைக் காலி செய்து, கட்டில் பீரோ எல்லாவற்றையும் விற்று ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். யாரோ ஏற்கெனவே சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் படுக்கை போட்டிருந்த பஸ். அதைப் பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் நிறுத்தினார். இது சரிப்படாவிட்டால் எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் குறை சொல்வதில்லை.

பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பலகை மேடை. அதில் அத்தான், குட்டி, அக்கா. மூன்று பேரும் ஒரே பக்கமாக ஒருக்களித்தால்தான் இடம் போதும். மேடைக்கு அடியில் எனக்கு ஒரு இழுப்புக் கட்டில். மேசை டிராயர் மாதிரிதான், சக்கரம் வைத்த நீளப் பெட்டி, உள்ளே மெத்தை. பகலில் தள்ளிவிட்டு வெளியே கொக்கி போட்டுவிட்டால் நடக்க வழி கிடைக்கும். ராத்திரி இழுத்தாலும் முழுதாக வராது. தலையும் உடம்பும் வெளியே இருக்கும். முழங்காலுக்குக் கீழே மேடைக்கடியில், இருட்டுக்குள்.

"உனக்குத்தான் மச்சான் தனி ரூம்," என்றார் அத்தான்.

"வாடகை தராதவனுக்கு அது போதும்," என்றாள் அக்கா.

மேலே ஒருவர் திரும்பினால் மூன்று பேரும் திரும்பியாக வேண்டும். அதற்கு அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். திரும்ப நினைப்பவர் "திரும்பலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் "ம்" சொன்னதும் எல்லோரும் சேர்ந்தாற்போல் திரும்புவது. விளையாட்டாக ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் தூக்கத்திலேயே கேட்டு, தூக்கத்திலேயே "ம்" சொல்லிப் பழகிவிட்டார்கள். அவர்கள் திரும்பும்போது பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். கீழே தனியாகக் கிடக்கிற நானும் பழக்கத்தில் "ம்" சொல்லிவிடுவேன்.

"ஒண்டியாப் படுத்திருக்க. உன்னை யாருடா கேட்டா?" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அன்றைக்கும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்புக்கு ராத்திரி பகல் தெரியாது. போனில் மணி பார்த்தேன். ஒன்று ஐம்பது. ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினேன். முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இடித்தது. அக்கா வைத்த துணி மூட்டை நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுபடியும் இடித்தது.

மூட்டைக்கு முட்டி கிடையாது.

"திரும்பலாமா?"

மெதுவான குரல். பாதித் தூக்கத்தில் இருந்தேன். "ம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது... மேலே யாரும் "ம்" சொல்லவில்லை. பஸ் சாயவில்லை. குரல் மேலிருந்து வரவில்லை. என் கால்மாட்டிலிருந்து வந்தது.

ஆனால் நான் அதற்குள் திரும்பி மல்லாந்துவிட்டேன்.

அந்தப் பெட்டிக்கும் மேடைப் பலகைக்கும் நடுவில் இடைவெளி குறைவு. ஒருக்களித்துக் கிடந்தால் இடுப்பு தட்டும், பெட்டி உள்ளே போகாது. மல்லாந்தால் தட்டாது.

கர்ர்ர்...

சக்கரம் உருண்டது. தொடை உள்ளே போனது.

கர்ர்ர்...

வயிறு.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நெஞ்சு.

பலகையின் விளிம்பு தாடையைத் தொட்டது.

மேலே குட்டியின் குரல். "அம்மா... கீழ யாரோ திரும்பலாமான்னு கேக்கறாங்க."

அத்தான் குதித்து இறங்கினார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"ஏண்டா காலை ஊணிக்கிற? விடு," என்றார்.

நான் ஊன்றவில்லை.

திடீரென்று விட்டது. அத்தான் மல்லாக்க விழுந்தார். நான் பெட்டியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன். அக்கா டார்ச் அடித்தாள். மேடைக்கடியில் யாரும் இல்லை. மெத்தையின் கால்மாட்டில் குதிகால் அழுந்திய பள்ளங்கள் இருந்தன.

நான்கு பள்ளங்கள்.

விடிந்ததும் பஸ்ஸை விற்றுக் கொடுத்த தரகரைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். பிறகு, "அந்த இழுப்புக் கட்டில்லயா படுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஏன்?"

"ரோடு போடற ஆளுங்க தங்கிட்டு இருந்த வண்டி. பாதிப் பேருக்குப் பகல் வேலை, பாதிப் பேருக்கு ராத்திரி. ராத்திரி வேலைக்காரன் ஒருத்தன் பகல்ல அதுல தூங்கியிருக்கான். தலையோட போத்திக்கிட்டு, மேல நாலு பேரோட துணி வேற. வேற எடத்துக்கு வண்டி கிளம்புச்சு. துணிதான் கெடக்குதுன்னு உள்ள தள்ளிக் கொக்கியப் போட்டுட்டாங்க."

"தட்டியிருப்பானே."

"தட்டியிருப்பான். ஓடற வண்டியில யாருக்குக் கேக்கும்? சாயங்காலம் இழுத்துப் பாத்தா, மல்லாக்கக் கெடந்தான். அதுக்குள்ள திரும்ப எடமில்லையே."

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றைத்தான் யோசித்தேன். "திரும்பலாமா" என்பது எங்கள் வீட்டு வார்த்தை. நாங்கள் சொல்ல ஆரம்பித்தே மூன்று வாரம்தான் ஆகிறது. அப்படியென்றால் தினமும் ராத்திரி அடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அத்தான் நான் சொன்னதைக் கேட்டார். கட்டிலைப் பிடுங்கி வெளியே போட்டு, சுத்தியலால் உடைத்து, பலகைகளைப் பட்டறை அடுப்பில் போட்டார். இருட்டுகிற வரைக்கும் அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"கட்டில் போயிருச்சு. உள்ள வா," என்றார் அத்தான்.

"கட்டில் போச்சு. அவன் போனானா?"

"எங்கடி போறது? வேற எடம் இருக்கா நமக்கு?"

"ரோட்ல படுத்துக்கறேன். என் பிள்ளைய அதுக்குள்ள படுக்க வைக்க மாட்டேன்."

அத்தான் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி நான் மட்டும் படுத்துக் காட்டறேன். காலையில முழுசா வந்தா, நீ வரணும்."

"முழுசா வா. அப்புறம் பாக்கலாம்," என்றாள் அக்கா.

பஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வெளியே என்றாலும் உள்ளே என்றாலும் சாவி போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பூட்ட வேண்டும். ஒரே ஒரு சாவி. அதை அத்தான் அக்காவின் கையில் வைத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். கதவைச் சும்மா சாத்திக்கறேன். பயந்தா ஓடி வந்துருவேன், போதுமா?"

ஏறினார். கதவைச் சாத்தினார்.

பஸ் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. மேடையில் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் கதவில்... டக். டக்.

பூட்டு இரண்டு சுற்றும் விழுந்தது.

அக்கா கையை விரித்தாள். சாவி உள்ளங்கையிலேயே இருந்தது.