பேரு தெரியாத மாத்திரை

எங்கம்மா செத்த அன்னிக்கு நானும் என் தம்பி செல்வமும் ஒரு முட்டாத்தனம் பண்ணோம். அதை மொதல்ல சொல்லிடறேன். அப்பத்தான் ஆண்டவர் எங்களுக்கு இன்னா பண்ணாருன்னு புரியும். சபையில எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்ல, தப்பா வந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு நாப்பத்தோரு வயசு, தம்பிக்கு முப்பத்தெட்டு. அவனுக்கு சின்னதுலருந்தே வலிப்பு. ஒருதரம் ஸ்கூல்ல விழுந்துட்டான், பசங்க சிரிச்சாங்க. அன்னியோட அவனை நிறுத்திட்டாங்க அம்மா. அவனைப் பாத்துக்க என்னையும் அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. நடவு, நூறு நாள் வேலை, கடை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அம்மாதான் போவாங்க. "நீங்க வெளிய வந்தா ஜனங்க பேசும். யாருகிட்டயும் பேசாதீங்க, உள்ளயே இருங்க"ம்பாங்க. நாங்களும் இருந்துட்டோம். உத்திரமேரூருக்கு எந்த பஸ்ஸுன்னு கூட எனக்குத் தெரியாது, சிரிக்காதீங்க.

போன ஆவணியில அம்மா, நாத்து நட்டுக்கினு இருந்தவங்க, அப்டியே சேத்துல சாஞ்சிட்டாங்க. வூட்டுக்குத் தூக்கியாரதுக்குள்ள உசுரு போயிடுச்சி.

அம்மாகிட்ட ஒரு மஞ்சப் பை இருக்கும். அது இல்லாம வாசல் தாண்ட மாட்டாங்க. சவப்பொட்டிய மூடற நேரத்துல செல்வம் அந்தப் பையக் கொண்டாந்து அவங்க கைப்பக்கத்துல வெச்சான். "பை இல்லாம அம்மா போவாதுக்கா"ன்னான். நானும் சரின்னுட்டேன். உள்ள இன்னா கீதுன்னு நாங்க ஒரு நாளும் பாத்ததில்ல. ரேஷன் கார்டு, தம்பியோட ஆஸ்பத்திரி நோட்டு, மாத்திரை சீட்டு எல்லாம் அதுலதான் இருந்திருக்குது. அத்தனையும் சேத்து மண்ணைப் போட்டு மூடிட்டோம்.

அரிசி தீந்துச்சி. பக்கத்து வூட்டம்மா குழம்பு எடுத்துக்கினு வந்து ரெண்டு தரம் கதவைத் தட்டினாங்க. வெக்கத்துல நான் தொறக்கவே இல்ல. பசியக் கூட பொறுத்துக்கலாம். மாத்திரை தீர ஆரம்பிச்சிது. அம்மா அதை ஒரு காலி பாட்டில்ல கொட்டி வெப்பாங்க, பேரு இன்னான்னு எங்களுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாளு வரட்டும்னு நான் ஒவ்வொண்ணையும் பாதியா ஒடைச்சிக் குடுத்தேன். புத்தி கெட்டவ! அஞ்சாம் நாளு விழுந்தான். மறுநாளு ரெண்டு வாட்டி. நாக்கைக் கடிச்சிக்கினு வாயெல்லாம் ரத்தம். அவன் தலையை மடியில வெச்சிக்கினு, ரெண்டு பேரும் இப்பவே அம்மாகிட்ட போயிட்டா தேவலைன்னு நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன்.

ஜெபம் பண்ணலாம்னு உக்காந்தோம். அதுவும் வரல. எப்பவும் அம்மாதான் ஜெபம் பண்ணுவாங்க, நாங்க ஆமென் மட்டும் சொல்லுவோம். ரொம்ப நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு இருந்தோம். கடைசியில செல்வம் "ஆமென்"னான். நானும் சொன்னேன். அவ்ளோதான் எங்க ஜெபம்.

மறுநாளு காலையில கதவைத் தொறந்து, பக்கத்து வூட்டம்மாவை நானே கூப்ட்டேன். அவங்கள தம்பிகூட உக்கார வெச்சிட்டு, உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டுக்கினு ஏறிட்டேன். மிச்சமிருந்த பாதி மாத்திரையை முந்தானையில முடிஞ்சிக்கினு போனேன்.

ஆஸ்பத்திரியில, "நோட்டும் இல்ல, ஆளும் இல்ல, எதைப் பாத்தும்மா மருந்து குடுக்கறது?"ன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. ஓரமா பெஞ்சில உக்காந்து வாய் விட்டே சொன்னேன். "ஆண்டவரே, இந்த மாத்திரை பேரு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். எங்க செல்வம் செத்துடுவான்பா." பொறந்ததுலருந்து நானா பண்ண மொத ஜெபம் அது.

பக்கத்துல ஒரு பாய் வூட்டம்மா உக்காந்துக்கினு இருந்தாங்க. பஜார்ல வளையல் கடை வெச்சிருக்கறவங்க. சட்டுனு திரும்பி, "செல்வமா? சரோஜாக்கா புள்ளையா?"ன்னாங்க. அவங்க பையனுக்கும் வலிப்பாம். மாசா மாசம் எங்கம்மாவும் அவங்களும் ஒரே வரிசையில நிப்பாங்களாம். "அக்கா ஏன் வரல?"ன்னாங்க. சொன்னேன். என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு அழுதாங்க. "உங்க ரெண்டு பேரைப் பத்தித் தவிர வேற பேச்சே பேசாதும்மா அது"ன்னாங்க. எங்களை யாருகிட்டயும் பேசாதீங்கன்னு சொன்ன எங்கம்மா!

அவங்கதான் என் கையப் புடிச்சி நர்ஸம்மாகிட்ட கூட்டிக்கினு போனாங்க. எந்தக் கெழமை, எந்த டாக்டருன்னு எல்லாம் அவங்களே சொன்னாங்க. நர்ஸம்மா ரிஜிஸ்டரைப் பொரட்டினாங்க. தம்பி பேரு இருந்துச்சி. மாத்திரை பேரும் இருந்துச்சி. ஸ்தோத்திரம் ஆண்டவரே! டாக்டரம்மா புது நோட்டு போட்டுக் குடுத்து, இனிமே மாத்திரையை ஒடைக்கக் கூடாது, அடுத்த தரம் அவனையும் கூட்டிக்கினு வரணும்னு சொன்னாங்க.

கஷ்டமெல்லாம் தீந்துடுச்சின்னு இங்க நின்னு பொய் சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டுக்கு இன்னும் அலைஞ்சிக்கினுதான் கீறேன். பல நாளு கஞ்சிதான். வலிப்பும் முழுசா நிக்கல. அவனைக் கூட்டிக்கினு போன மொத நாளே பஸ் ஸ்டாண்டுல அத்தனை ஜனத்து முன்னால விழுந்தான். ஆனா ஒருத்தரும் சிரிக்கல. ஆட்டோக்காரர் ஒருத்தர் ஓடியாந்து ஒருக்களிச்சிப் படுக்க வெச்சாரு. பூ விக்கிறவங்க அவன் வாயைத் தொடைச்சி விட்டாங்க. முப்பது வருசமா இதுக்கா பயந்தே அம்மான்னு அங்கயே அழுதேன். அவங்க மேல கோவம் இல்ல. ஆனா நெஞ்சு வலிக்குது.

உங்க வூட்லயும் யாரையாவது ஜனங்க கண்ணுல படாம வெச்சிருந்தீங்கன்னா, ஆண்டவரை நம்பி வெளிய கூட்டிக்கினு வாங்க. இதோ, செல்வம் கடைசி வரிசையில உக்காந்துக்கினு கீறான். அவன் பக்கத்துல எடம் கீது.