இடைநிலையும் கடைநிலையும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காலிங்பெல். மேலாளரின் விரல் மணிப்பக்கம் நகரும்போதே எதிரே வந்து நிற்பாள். பதினொரு வருஷமாக அந்த மணிக்குச் சத்தம் உண்டா என்பதே யாருக்கும் தெரியாது. கோப்பு தூக்குவாள், டீ கொண்டுவருவாள். உட்கார, கதவோரத்தில் ஒரு முக்காலி. பதவி, கடைநிலை ஊழியர்.

முழங்கையில் ஒரு தேமல் வந்தது. கிள்ளினால் வலிக்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தொழுநோய்தான். இடைநிலை" என்றார். ஒரு வருஷம் மருத்துவ விடுப்பு. ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கினாள். நோய் போயே போய்விட்டது. மீதி ஒரு சான்றிதழ்தான். அது இருந்தால் முக்காலி. இல்லாவிட்டால் வாசலோடு சரி.

ஆஸ்பத்திரி டைப்பிஸ்ட் அடித்துக் கொடுத்த காகிதத்தைத் தலைமை எழுத்தரிடம் நீட்டினாள். அவர் படித்தார்: "இடைநிலை ஊழியர். கடைநிலைத் தொழுநோய்."

மூன்றாவது வரியில் "முழுக் குணம்" என்று இருந்தது. அதுவரை அவர் போனால்தானே! ஒரே மூச்சில் ஏழு ஜன்னலையும் திறந்தார். எட்டாவது ஜன்னல் இல்லாததால் அலமாரியைத் திறந்தார். பிறகு காகிதத்தை ஸ்கேலால் அவள் பக்கம் தள்ளினார். பதினொரு வருஷம் அவள் கையால் டீ குடித்த மனுஷன்!

"கடைசி நிலைன்னு போட்டிருக்கேம்மா! நீ எப்படி நடந்து வந்தே?"

"காலாலதான் சார். அது எழுத்துப் பிழை."

"பிழைன்னா ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லு."

போனாள். டைப்பிஸ்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.

"பிழை எங்கக்கா இருக்கு? ரெண்டு வார்த்தையும் சுத்தமா இருக்கே. இடந்தான் மாறிப்போச்சு. இடமாற்றம்னா உங்க ஆபீஸ்தானே பாக்கணும்?"

"ஏம்ப்பா, 'இ'னாவுக்குப் பதிலா 'க'னா அடிச்சு என்னைச் சாகக் கிடத்திட்டியே!"

"சாகடிச்சாலும் பதவி உயர்வு குடுத்துத்தானே சாகடிச்சேன்!"

அவள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மாவே எழுந்து வந்தார். காகிதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இடைநிலைன்னா இந்த நோயோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற வகை. கடைசின்னு அர்த்தமே இல்லை. அதுவும் இப்ப இல்லை." பேனாவை எடுத்தார். நோய்க்கு முன்னால் இருந்த 'க'வை அடித்து 'இ' போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பேனா மேல் வரிக்கு ஏறியது.

காலிங்பெல் அந்த வரியின் மேல் கையை வைத்து மூடினாள்.

"அது இருக்கட்டும் டாக்டரம்மா. அது வியாதி இல்லையே."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். பேனாவை மூடினார்.

மறுநாள் தலைமை எழுத்தர் இந்தத் தடவை மூன்றாவது வரிவரை படித்தார். பிறகு முதல் வரிக்குத் திரும்பினார். டாக்டர் திருத்திக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் திருத்தாமல் விட்டது எதுவோ, அது சரி என்பது அவர் கட்சி. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"இடைநிலை ஊழியருக்கு முக்காலி ஆகாது. முதுகு சாயுற நாற்காலி."

"நான் கேக்கவே இல்லையே சார்."

"நீ கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? விதி கேக்குது!"

நாற்காலி அறையின் அந்தக் கோடியில் கிடந்தது, கனத்த மரம். முதலில் ஸ்கேலால் தள்ளிப் பார்த்தார். ஸ்கேல் ஒடிந்தது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வந்து, அவள் புடவை உரசும் தூரத்தில் இறக்கி வைத்தார்.

"உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் மேலாளர் அவளைக் கூப்பிட முதல்முறையாக மணியை அடித்தார். நல்ல கணீரென்ற மணி.